சிறுநீரகத் தமனியில் ஸ்டென்ட்: மேசையில் படுக்கவைத்து முடிவு கேட்காதீர்கள்

ரத்தக்குழாய்களுக்குள் கம்பி செலுத்திச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும், அவர்களுடைய சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

என் இடது சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில், குழாயை விரித்துப் பிடிக்கும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தது அவசியம்தானா என்று கேட்டு, சிகிச்சை செய்த மருத்துவமனைக்குப் புகார் அனுப்பியிருந்தேன். பதில் வந்துவிட்டது. தமனியில் 70 சதவீதச் சுருக்கம் இருந்தது, நோயாளி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார், ஸ்டென்ட் வைத்த பிறகு எடுத்த படத்தில் தமனி முழுதாகத் திறந்திருந்தது, எனவே சிகிச்சையில் குறை ஏதுமில்லை, புகார் முடித்துவைக்கப்படுகிறது. இவ்வளவுதான்.

அதில் சொல்லியிருக்கிற தகவல்கள் சரிதான். ஆனால் நான் கேட்டது வேறு. அந்தச் சுருக்கம் என்னை என்ன செய்துகொண்டிருந்தது, அதை விரித்ததால் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டிருந்தேன். அதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு மருத்துவமனையோடு முடிகிற விவகாரமாகவும் இது எனக்குப் படவில்லை. சிறுநீரகப் பிரிவின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால், "ஹார்ட்டுக்குத்தான் போனேன், கிட்னிக்கும் சேத்து வெச்சுட்டாங்க" என்று சொல்கிறவர்கள் என்னைத் தவிரவும் இருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்று என்னை இதய ஆஞ்சியோவுக்கு அனுப்பினார்கள். ரத்த அழுத்தம் எனக்குப் பல வருடப் பழக்கம். மூன்று மாத்திரைகளில் 140-ஐ ஒட்டி நின்றுகொண்டிருந்தது. சிறுநீரகம் வேலை செய்யும் அளவைக் காட்டும், கூடினால் கெடுதலான கிரியாட்டினின் 1.3. திடீர் மூச்சுத்திணறல் என்று ஒருமுறைகூட மருத்துவமனையில் சேர்ந்தவன் இல்லை. ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேபில் படுக்கவைத்து, பச்சைத் துணி போர்த்தி, தொடையின் மேல்புறம் மரத்துப்போக ஊசி போட்டு வேலையைத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில், இதயத் தமனிகளில் பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரையே போதும் என்றார் மருத்துவர். அப்பாடா என்றிருந்தது. அந்த மூச்சு முடிவதற்குள், "சார், கிட்னிக்குப் போற குழாயையும் ஒரு தடவை பாத்துடறோம், டை கொஞ்சம்தான் போகும்" என்றார். படத்தில் குழாய் தெரிவதற்கான சாயம்தான் டை. இடுப்புக்குள் சூடு பரவியது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

பிறகு திரையை என் பக்கம் திருப்பி, கிளை பிரியும் இடத்தில் மெலிந்து தெரிந்த ஒரு கோட்டை விரலால் காட்டினார். "இது 70 பெர்சன்ட். விட்டா கிட்னி சுருங்கிடும், அப்புறம் டயாலிசிஸ்தான். ஒயர் உள்ளேதான் இருக்கு, இப்பவே வெச்சுட்டா இன்னொரு தடவை குத்த வேண்டாம்." பதற்றம் தெரியாமலிருக்கக் கொடுத்த மருந்தில் எனக்குப் பாதித் தூக்கம். மூக்குக்கண்ணாடி வெளியே மனைவியின் கைப்பையில் இருந்தது. நர்ஸ் ஒரு அட்டையில் செருகிய படிவத்தை என் நெஞ்சின் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டில் ஊசி ஏறியிருந்ததால் பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியாமல் கையெழுத்து படிவத்தின் கட்டத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனது. மருத்துவமனையின் பதிலில் சொல்லப்படும் ஒப்புதல் இதுதான்.

டயாலிசிஸ் என்று காதில் விழுந்த பிறகு, தொடையில் குழாயோடு படுத்திருக்கிற யார் வேண்டாம் என்று சொல்லுவார்? அந்த எச்சரிக்கைக்கு ஆதாரம் இருந்திருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. வீட்டுக்கு வந்தபின் தேடிப் படித்ததும், சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் வேறு கதையாக இருந்தது.

உங்கள் தர்க்கம் எனக்குப் புரியாமல் இல்லை. 1934-ல் ஹாரி கோல்ட்பிளாட் என்ற மருத்துவ ஆய்வாளர் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வி போட்டு இறுக்கி, ரத்த அழுத்தம் ஏறுவதைக் காட்டினார். ரத்தம் குறைவாக வருகிறது என்று உணர்ந்த சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் வழியாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் குழாய்களை இறுக்கி, உடம்பில் உப்பையும் தேக்கிவைக்கிறது. இறுக்கினால் ஏறுகிறது என்றால் விரித்தால் இறங்க வேண்டும் அல்லவா? 1978-ல் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் சிறுநீரகத் தமனியைப் பலூனால் விரித்துக் காட்டியபோது அந்த யோசனைக்கு ஒரு கருவியும் கிடைத்துவிட்டது. அப்புறம் ஸ்டென்ட் வந்தது. விரித்த குழாய் மறுபடி சுருங்காமல் தாங்கிப் பிடித்தது.

ஆனால் கோல்ட்பிளாட்டின் நாய்களுக்கு இருந்தது நல்ல குழாயில் புதிதாகப் போட்ட கவ்வி. என் வயதில், என்னைப் போன்றவர்களுக்கு இருப்பது வருடக்கணக்கில் கொழுப்பும் அழுத்தமும் சேர்ந்து தடிக்கவைத்த குழாய்கள். சிறுநீரகத்துக்கு உள்ளே இருக்கும் நுண்ணிய நாளங்களும் அதே கதிதான். வாசலை அகலமாக்கினால் உள்ளே ஏற்கெனவே தழும்பேறிய திசு பழையபடி ஆகிவிடுவதில்லை. சுருக்கத்தால் அழுத்தம் வந்ததா, வருடக்கணக்கான அழுத்தமும் கொழுப்பும் சேர்ந்து சுருக்கத்தைக் கொண்டுவந்தனவா என்பதைப் படம் சொல்லாது. இதய ஆஞ்சியோவுக்கு வருகிறவர்களில் கணிசமான பேருக்குச் சிறுநீரகத் தமனியிலும் சுருக்கம் இருக்கும். தேடினால் கிடைக்கத்தான் செய்யும்.

இதை நான் சொல்லி நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. இந்தக் கேள்வியை உங்கள் துறையே முறையாகக் கேட்டுப் பதிலும் வாங்கிவிட்டது.

மாத்திரை மட்டும் ஒரு பிரிவுக்கு, அதோடு ஸ்டென்ட்டும் இன்னொரு பிரிவுக்கு என்று ஒப்பிட்டு 2009-ல் வெளிவந்த ஸ்டார் என்ற ஆய்வில் 140 பேர். ஸ்டென்ட் பிரிவுக்கு ஒதுக்கப்பட்ட 64 பேரில் 46 பேருக்குத்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். வைக்காமல் விட்டவர்களில் பலருக்கு, உள்ளே போய்ப் பார்த்தபோது ஸ்கேன் காட்டிய அளவுக்குச் சுருக்கமே இல்லை. சிறுநீரகச் செயல்பாடு குறைவதை ஸ்டென்ட் தெளிவாகத் தடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் சிகிச்சையால் இறந்தவர்கள் இருந்தார்கள். அதே ஆண்டு அஸ்ட்ரல் ஆய்வு வந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் 806 பேர். சிறுநீரகச் செயல்பாடு, ரத்த அழுத்தம், மாரடைப்பு போன்ற இதயக் கோளாறுகள், மரணம் என எதிலும் குறிப்பிடும்படியான லாபம் இல்லை. குழாயை விரிக்கும் சிகிச்சையால் 23 பேருக்குக் கடுமையான சிக்கல்கள் வந்தன. அவர்களில் 2 பேர் இறந்தார்கள், 3 பேருக்குக் கால் விரலையோ காலையோ எடுக்க வேண்டியிருந்தது.

அஸ்ட்ரலில் 10-ல் ஏறக்குறைய 4 பேருக்குச் சுருக்கம் 70 சதவீதத்துக்கும் குறைவு, ஆய்வு சரியாக வடிவமைக்கப்படவில்லை என்று உங்களில் பலர் அப்போது சொன்னீர்கள். நியாயமான விமர்சனம். அப்புறம் கோரல் வந்தது. 2014-ல் அச்சில் வெளியான அந்த ஆய்வில் 947 பேர். எல்லோருக்கும் நல்ல மாத்திரைகள்: ரத்த அழுத்தத்துக்குக் கான்டெசார்ட்டான், தேவைப்பட்டால் அம்லோடிபின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின், ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து. பாதிப் பேருக்கு அதோடு ஸ்டென்ட்டும். சுமார் மூன்றரை வருடம் பின்தொடர்ந்து, இதய அல்லது சிறுநீரகக் காரணத்தால் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது, சிறுநீரகம் மோசமாவது, டயாலிசிஸ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களில் 35.1 சதவீதம். வைக்காதவர்களில் 35.8 சதவீதம்.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 15.6 புள்ளி இறங்கியது. ஸ்டென்ட்டும் வைத்தவர்களுக்கு 16.6. பின்தொடர்ந்த காலம் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் வித்தியாசம் 2 புள்ளியை ஒட்டித்தான். ஸ்டென்ட் வைத்தபின் நான் முதல் பரிசோதனைக்குப் போனபோது என் அழுத்தம் 128. "பாத்தீங்களா, குழாயைத் திறந்ததும் எப்படி இறங்குதுன்னு" என்றார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஒரு மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லி, ஸ்டாடினையும் சேர்த்திருந்தார்கள். எதனால் இறங்கியது? தனித்தனியாக ஒவ்வொருவரையும் பார்த்தால் யாருக்கும் தெரியாது. நூற்றுக்கணக்கானவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். அதைத்தான் அந்த ஆய்வு செய்தது. உங்கள் பரிசோதனை அறையில் நீங்கள் தினமும் பார்க்கும் 'முன்னேற்றம்' பெரும்பாலும் மாத்திரையின் வேலை என்று அது காட்டிவிட்டது.

2017-ல் ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதல், கொழுப்புப் படிவால் வந்த சிறுநீரகத் தமனிச் சுருக்கத்தை வழக்கமாக விரிக்க வேண்டாம் என்று எழுதியது. அதே ஆண்டின் அமெரிக்க ரத்த அழுத்த வழிகாட்டுதலும் மாத்திரையைத்தான் முதலில் வைக்கிறது. மாத்திரையால் முடியாதபோதுதான் விரிப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. என்னை நீங்கள் மேசையில் படுக்கவைத்தது இவை எல்லாம் வந்த பிறகு.

இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பதுதான் சிக்கலின் வேர் என்று நினைக்கிறேன். சிறுநீரக மருத்துவர் என் ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு விளக்கினார். இதயத் தசை தனக்கு வரும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்கிறது. வரத்து குறைந்தால் அதற்குத் தாங்கும் இடம் இல்லை. சிறுநீரகங்கள் அப்படி இல்லை. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கே போகிறது. வடிகட்டுவதற்காகத்தான் அவ்வளவு. சொந்தப் பசிக்கு அதில் சிறு பங்கே போதும். எனவே வரத்து ஓரளவு குறைந்தாலும் சிறுநீரகம் மூச்சுத் திணறுவதில்லை. தோட்டக் குழாயின் வால்வைப் பாதி மூடினாலும் வாளி கிட்டத்தட்ட அதே வேகத்தில் நிறையும், கடைசித் திருகலில்தான் தண்ணீர் சட்டென்று மெலியும், இதுவும் அப்படித்தான் என்றார். கண்ணுக்கு 60, 70 என்று தெரிகிற சுருக்கம் ரத்தத்தை உண்மையிலேயே தடுக்கிறதா என்று அறிய ஒரே நேர்வழி, சுருக்கத்துக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளப்பது. மேல் அழுத்தத்தில் 20 புள்ளியோ சராசரியில் 10 புள்ளியோ வித்தியாசம் இருந்தால் அர்த்தமுள்ள சுருக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

என் அறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தேடிவிட்டேன். அந்த எண் இல்லை. அளக்கவே இல்லை. உள்ளே செலுத்திய மெல்லிய குழாயான கதீட்டர் அங்கேயேதான் இருந்தது, சில நிமிட வேலை. என் சிறுநீரகம் எத்தனை சென்டிமீட்டர் நீளம் என்று முன்கூட்டி யாரும் பார்க்கவில்லை. சுருங்கிப்போன சிறுநீரகத்துக்கு ஸ்டென்ட் வைத்துப் பயனில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கவில்லை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேனான டாப்ளர் எடுக்கவில்லை. கண் அளவு ஒன்றை மட்டும் வைத்து உடம்புக்குள் நிரந்தரமாக ஒரு உலோகத்தைப் பொருத்திவிட்டீர்கள்.

அப்புறம் வந்தது கால். சில வாரங்கள் கழித்து இரண்டு கால்களிலும் விரல் நுனிகள் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறின. உள்ளங்காலின் ஓரத்தில் வலை பின்னியது போல ஊதாக் கோடுகள். இரவில் போர்வை பட்டால்கூட எரிந்தது. செருப்பு கடித்திருக்கும் என்றார் ஒருவர். சர்க்கரை நோயாக இருக்கும் என்றார் இன்னொருவர். எனக்குச் சர்க்கரை கிடையாது. பாதத்தில் நாடி நன்றாகத் துடிக்கிறது, எனவே ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் சிறுநீரக மருத்துவர்தான் விரலை அழுத்திப் பார்த்தார், உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பினார், உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூடியிருந்தன. கிரியாட்டினின் 2.1. பெருந்தமனியின் சுவரில் படிந்திருந்த கொழுப்பைக் கம்பி உரசியதில் கொலஸ்ட்ரால் படிகங்கள் உதிர்ந்து, கீழே சிறுநீரகத்தின் நுண்நாளங்களிலும் கால் விரல்களிலும் போய் அடைத்திருக்கின்றன என்றார். நாடி துடித்துக்கொண்டே விரல் கறுப்பது இதன் அடையாளமாம். இப்போது கிரியாட்டினின் 1.9-ல் நிற்கிறது. சிறுநீரகத்தைக் காப்பாற்ற வைத்த ஸ்டென்ட்டுக்குப் பிறகு இந்த நிலை.

நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதய ஆஞ்சியோவுக்காக ஏறிய கம்பியே இதைச் செய்திருக்கலாம். இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் சிறுநீரகத் தமனியின் வாயிலில் கம்பியும் பலூனும் ஸ்டென்ட்டுமாக நடந்த கூடுதல் வேலை அந்த ஆபத்தைக் கூட்டியிருக்குமே தவிர குறைத்திருக்காது. கூடுதலாகப் போன டையும் அப்படித்தான். அந்த ஆபத்தைச் சுமக்க எனக்கு ஒரு காரணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. மாத்திரைகள் இன்றும் மூன்று. அவற்றோடு ரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகள் வேறு சேர்ந்துகொண்டன. அதனால் ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லைப் பிடுங்குவதைக்கூட மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன். ஸ்டென்ட்டுக்குள்ளேயே மறுபடி சுருக்கம் வரலாம் என்பதால் அவ்வப்போது டாப்ளர் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மேசையில் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். மிக மோசமான நிலையில் இருந்த நோயாளிகளை மருத்துவர்களே ஆய்வுகளில் சேர்க்கத் தயங்கினார்கள், எனவே அந்த முடிவுகள் எல்லோருக்கும் பொருந்தாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். காத்திருப்பு அறையில் எனக்குப் பழக்கமான ஒரு அம்மா இருக்கிறார். நடுராத்திரியில் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து, வாயில் நுரை தள்ளி, ஆம்புலன்ஸில் போவது அவருக்கு வாடிக்கையாகிவிட்டிருந்தது. இதயத் துடிப்பின் வலு நன்றாகவே இருந்ததாம். இரண்டு சிறுநீரகத் தமனிகளும் ஏறக்குறைய மூடியிருந்தன. இரண்டிலும் ஸ்டென்ட் வைத்தபின் அவர் நிம்மதியாகப் படுத்துத் தூங்குகிறார். அவருக்கு வைக்காமல் விட்டிருந்தால்தான் குற்றம். இருப்பதே ஒரு சிறுநீரகம், அதன் தமனியும் சுருங்கி வேகமாகச் செயலிழக்கிறது என்றால் அதுவும் வேறு விஷயம். பல வகை மாத்திரைகளை முழு அளவில் கொடுத்தும் அழுத்தம் அடங்காதவர்களும் அப்படித்தான். பெண்களுக்கு அதிகம் வரும், தமனிச் சுவரின் தசையும் நாரிழையும் தடித்து மணிகள் கோத்ததுபோலத் தெரியும் சுருக்கம் தனி நோய். அதற்குப் பெரும்பாலும் பலூன் மட்டுமே போதும், பலனும் நன்றாக இருக்கும். தமனி அழற்சியால் வரும் சுருக்கமும் தனி வகை, முதலில் அழற்சியை அடக்க வேண்டும். இவர்களை எல்லாம் கண்டுபிடித்துச் சரியான நேரத்தில் விரிப்பதற்குத்தான் உங்கள் கைத்திறன் தேவை. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. இருக்கிறேனா என்று நீங்கள் பார்க்கவும் இல்லை.

இன்னொரு தடவை குத்த வேண்டாமே என்ற கரிசனத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். என்னை எழுப்பி உட்காரவைத்து, டாப்ளர் எடுத்து, சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பியிருந்தால் இரண்டாவது குத்தலே தேவைப்பட்டிருக்காது. தேவை என்று தெரிந்திருந்தால் நானே கையை நீட்டியிருப்பேன். கண்ணில் பட்ட சுருக்கத்தை விரிக்காமல் விட முடியாத பழக்கத்தை உங்கள் துறையின் மூத்தவர்களே கேலி செய்து எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்டென்ட்டுக்கும் வருமானம் உண்டு என்பதும், வைக்காமல் விட்ட ஸ்டென்ட்டுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை என்பதும் ஊரறிந்தது. எனக்கு வைத்தவர் காசுக்காக வைத்தார் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். அதுதான் இன்னும் கவலையாக இருக்கிறது.

எனவே உங்களிடம் கேட்பது இவை.

இதய ஆஞ்சியோவுக்கு வந்தவரின் சிறுநீரகத் தமனியைப் போகிற போக்கில் படம் எடுப்பதை நிறுத்துங்கள். எடுக்கத்தான் வேண்டுமென்றால், ஏன் என்ற காரணம் நோயாளி மேசைக்குப் போகும் முன்பே கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருக்கட்டும். எதிர்பாராமல் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் அன்று அறிக்கை மட்டும் எழுதுங்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர வேறெப்போதும், மயக்க மருந்தின் பாதியில் இருப்பவரிடம் புதிய சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்காதீர்கள். உங்கள் சங்கங்கள் இதை ஆலோசனையாக விடாமல் விதியாகவே எழுத வேண்டும். அப்படி வாங்கிய ஒப்புதல் செல்லாது என்றும் அதில் இருக்க வேண்டும்.

ஒப்புதல் கேட்கும்போது, மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பெரிய ஆய்வுகளில் ஏறக்குறைய ஒரே முடிவுதான் வந்தது என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுங்கள். கொலஸ்ட்ரால் படிகம் உதிர்வது, தமனி கிழிவது, டையால் சிறுநீரகம் பாதிக்கப்படுவது, ஸ்டென்ட் மறுபடி சுருங்குவது ஆகியவற்றையும் அதே தாளில் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கொடுங்கள்.

வைப்பது என்று முடிவானால் அதில் சிறுநீரக மருத்துவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். சிறுநீரகத்தின் நீளம், சிறுநீரில் புரத அளவு, முன்னர் கொடுத்துப் பார்த்த மாத்திரைகளும் அவற்றின் அளவும், சுருக்கத்துக்கு முன்பின் அளந்த அழுத்த வித்தியாசம், இவை இல்லாத அறிக்கையை முழுமையான அறிக்கையாக ஏற்காதீர்கள். ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் கிரியாட்டினின், அழுத்தம், மாத்திரைகளின் எண்ணிக்கை மூன்றையும் பதிந்து, மருத்துவமனைவாரியாக வெளியிடுங்கள். தாமதமாக வரும் சிக்கல்களும் அந்தப் பதிவில் சேரட்டும். என் கால் விரல் ஸ்டென்ட் வைத்த பிரிவின் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை, ஏனென்றால் அதைப் பார்த்தது வேறு பிரிவு. ஸ்டென்ட் வைத்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது, விரல் நிறம் மாறினால் உடனே வரச் சொல்லும் ஒரு வரியாவது டிஸ்சார்ஜ் தாளில் இருக்கட்டும்.

நுரையீரலில் நீர் கோத்துத் திரும்பத் திரும்ப வருகிறவர்களை, சில வகை ரத்த அழுத்த மாத்திரை தொடங்கியதும் கிரியாட்டினின் தடாலென்று ஏறுகிறவர்களை இதய, சிறுநீரகப் பிரிவுகள் சேர்ந்து தாமதமின்றிப் பார்க்க ஒரு வழி செய்யுங்கள். அவர்கள்தான் முதலில் மேசைக்குப் போக வேண்டியவர்கள்.

கடைசியாக, என் புகார். சிகிச்சை செய்த மருத்துவமனையைச் சேராத ஒரு இதய மருத்துவரும் ஒரு சிறுநீரக மருத்துவரும் என் ஆஞ்சியோ படங்களையும் ரத்தப் பரிசோதனைகளையும் பார்த்து, அன்று ஸ்டென்ட் வைக்க மருத்துவக் காரணம் இருந்ததா இல்லையா என்று எழுத்தில் சொல்ல உங்கள் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். படங்களைக் கொடுக்க நான் தயார். இருந்தது என்றால் அது எந்தக் காரணம் என்று எழுதுங்கள். இல்லை என்றால் அதையும் எழுதுங்கள், அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை மருத்துவமனைக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இடது சிறுநீரகத் தமனியில் ஸ்டென்ட் உள்ள ஒரு நோயாளி